‘சுயதொழில்’ என்ற கட்டத்துக்குள்

எங்கள் கிளை மும்பையின் புறநகரான டோம்பிவ்லியில் இருக்கிறது. காலை ஏழு முதல் பத்து மணி வரை இவ்வூரில் உழைக்கும் வயதினரில் பெரும்பாலோர் மின்ரயிலுக்குள் நின்றுகொண்டோ, நடைமேடையில் அடுத்த ரயிலுக்குக் காத்துக்கொண்டோ இருப்பார்கள். பதினோரு மணிக்குக் கிளைக்கு வருபவர்கள் ஓய்வூதியர்கள், இல்லத்தரசிகள், கடைக்காரர்கள். அந்நேரத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் பரபரப்பின்றி உள்ளே வந்து, தமக்குப் பின்னால் நிற்பவருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றால், எங்களுக்கு ஓரளவு விளங்கிவிடும். விடுப்பெடுத்து வந்தவர் அவசரப்படுவார். வேலை போனவர் அவசரப்படுவதில்லை.

நாங்கள் இங்கே குறிப்பிட விரும்பும் வாடிக்கையாளருக்கு முன்பாக அவருடைய மனைவிதான் கிளைக்கு வந்தார். கூட்டுக் கணக்கின் பாஸ்புக்கை அச்சிட்டு வாங்கியவர், அங்கேயே நின்று பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், ரெண்டு மாசமா சம்பளம் ஏறவே இல்லையே, உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா?” கோளாறு எதுவும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கணக்கில் அவரும் பங்குடையவர். பதிவுகளை அவருக்குக் காட்ட மறுக்க முடியாது. ஆனால் சம்பளம் நின்ற காரணத்தைச் சொல்லும் இடம் வங்கி முகப்பு அன்று. “வீட்டில் அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், அம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அந்த இரண்டு மாதமும் அவர் கணவர் வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவுடன் காலை ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னர் அவரே சொல்லி அறிந்தோம்.

அடுத்த மாதம் அவர் வந்தார். அவருடைய கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இடர் குறைந்த கணக்குகளுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முந்தைய படிவத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘தனியார் நிறுவன ஊழியர்’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. மருந்து மொத்த வணிக நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தவர். நிறுவனம் அந்தப் பிரிவையே வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டது. புதிய படிவத்தில் அதே இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எங்கள் திரையிலுள்ள பட்டியலில் ஊதியம் பெறுபவர், சுயதொழில் புரிபவர், வணிகர், விவசாயி, மாணவர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர், இதரர் எனக் கட்டங்கள் உண்டு. வேலை தேடுபவர் என்றொரு கட்டம் இல்லை. “தெரிஞ்ச ரெண்டு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பாத்துக் குடுக்கறேன் சார்” என்றார் அவர், தயங்கியபடி. அப்படியானால் சுயதொழில்தான் என்று நாங்கள் அந்தக் கட்டத்தைக் குறித்தோம். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய வேலையின்மை எங்கள் ஏடுகளிலிருந்து மறைந்துபோயிற்று.

நாட்டின் கணக்கெடுப்பிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. அதைக் கணக்கெடுப்பின் குற்றமென்று சொல்ல முடியாது. உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கணம் அவ்வாறு அமைந்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரல் முதல் ‘காலமுறைத் தொழிலாளர் ஆய்வு’ நடத்தி வருகிறது. 2025 முதல் மாதந்தோறும் அதன் முடிவுகள் வருகின்றன. அதன் அளவுகோல்களுள் ஒன்று நடப்பு வார நிலை. ஆய்வாளர் வீட்டுக்கு வரும் நாளுக்கு முந்தைய ஏழு நாட்களில், ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது பொருளீட்டும் வேலை செய்திருந்தால், அவர் வேலையில் இருப்பவர். அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைத்தது என்பது வேலையின்மை விகிதத்துக்குள் வராது. குடும்பத்தாரின் கடையில் ஊதியமின்றி உதவிக்கு நிற்பவரும் சுயதொழில் பிரிவிலேயே சேர்வார். நம் வாடிக்கையாளர் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதியவர். ஆகவே அவர் எந்த அளவுகோலின்படியும் வேலையற்றவர் அல்லர்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்க்க வேண்டும். வழக்கமான நிலை என்ற மற்றோர் அளவுகோலின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரிடையே வேலையின்மை விகிதம் 2017-18இல் 6.0 விழுக்காடு, 2023-24இல் 3.2. நகர்ப்புறத்தில் 7.7இலிருந்து 5.1ஆகக் குறைந்தது. ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததென்றே மொத்த விகிதத்தைச் சொல்லலாம். இதே காலத்தில் உழைப்போரில் சுயதொழில் புரிவோரின் பங்கு 52.2 விழுக்காட்டிலிருந்து 58.4 ஆயிற்று. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8இலிருந்து 21.7ஆகச் சற்றே இறங்கியது. சுயதொழிலின் இந்த உயர்வில் பெரும்பகுதி கிராமப்புறப் பெண்கள் பக்கம் நிகழ்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை அப்படியே எடுத்து மும்பையின் மீது பொருத்துவது நேர்மையாகாது. நகரத்துக்கு நெருக்கமான எண் வேறொன்று. விவசாயம் சாராத துறைகளில் மாதச் சம்பளம் வாங்குவோருள் எழுத்து வடிவிலான ஒப்பந்தம் இல்லாதவர்கள் 2017-18இல் 71.1 விழுக்காடு. 2023-24இல் அது 58 ஆகியிருக்கிறது. முன்னேற்றந்தான். ஆயினும் சம்பளக்காரர் என்று நாம் நிம்மதியோடு அழைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம், தாம் அங்கே வேலை செய்கிறோம் என்று காட்ட ஒரு தாள் கிடையாது.

வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்த எண்கள் விடை சொல்கின்றன. வருமானம் நிற்கிறதா, தொடர்கிறதா, தேதி தவறாமல் வருகிறதா என்ற கேள்விக்கான விடை வங்கிக் கணக்கில் இருக்கிறது.

அது எப்படித் தெரிகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். முதலில் மாத இறுதியில் சம்பளம் என்ற குறிப்புடன் வரும் வரவு நின்றுபோகிறது. பல வங்கிகளில் தொடர்ந்து சில மாதங்கள் சம்பளம் ஏறாவிட்டால் சம்பளக் கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிடும். குறைந்தபட்ச இருப்பு விதியும் அதற்கான கட்டணமும் அன்றிலிருந்து பொருந்தும். அந்தக் கணக்கோடு வந்த விபத்துக் காப்பீடும் நீங்கிவிடும். பெரும்பாலோர்க்கு இது தெரியாது. பிறகு ஒரு பெருந்தொகை வருகிறது. அது வருங்கால வைப்பு நிதி. அதைக் கண்டு குடும்பத்தார் ஒரு மாதம் மூச்சுவிடுவார்கள். அது கரையத் தொடங்கும் வேளையில் தொடர் வைப்புக் கணக்கு முதிர்வுக்கு முன்பே முடிக்கப்படுகிறது. குழந்தையின் பள்ளிக் கட்டணத் தேதிக்கு முந்தைய நாள் நகைக்கடன் விண்ணப்பம் வருகிறது. இதற்கிடையே யு.பி.ஐ. வழியாக 500, 1,200, 800 என்று சிறு வரவுகள் முளைக்கின்றன. இந்தச் சிறு வரவுகளைத்தான் படிவமும் ஆய்வும் சுயதொழில் என்று பெயரிட்டு அழைக்கின்றன. சுயதொழிலை நாங்கள் தாழ்த்திப் பேசவில்லை. இக்கிளையின் நல்ல வாடிக்கையாளர்களில் பலர் சொந்தக் கடையும் பட்டறையும் வைத்திருப்பவர்கள். தொழில் தொடங்கியவரையும், தொழிலுக்குள் தள்ளப்பட்டவரையும் ஒரே கட்டத்தில் அடைப்பதே எங்கள் ஆட்சேபணை.

மும்பைக்கு இது புதிதன்று. பரேல், லால்பாக், வோர்லிப் பகுதிகளைக் கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்று மராத்தியர்கள் அழைத்த காலம் உண்டு. 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அது முறைப்படி விலக்கிக்கொள்ளப்படவே இல்லை என்பார்கள். நாட்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டைக் கடந்து, அப்படியே கரைந்து போயிற்று. துணி நெய்யும் வேலை பிவண்டி போன்ற ஊர்களின் விசைத்தறிக் கூடங்களுக்குப் பெயர்ந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் ஆலை இருந்த வளாகம் இன்று நகரின் பெயர்பெற்ற வணிக வளாகம். அந்தத் தொழிலாளர்கள் எங்கே போனார்கள்? சிலர் கொங்கணத்துக் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் காய்கறி வண்டி தள்ளினார்கள், கட்டட வாசலில் காவல் நின்றார்கள், விசைத்தறிக்குப் பழைய கூலியில் ஒரு பங்குக்குப் போனார்கள். நாளடைவில் அவர்களை வேலையற்றவர் என்று எவரும் கணக்கிடவில்லை.

அந்த வரலாற்றில் ஒரு பகுதியை வங்கியாளர்களாகிய நாங்கள் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு, தொழிலாளர் குடியிருப்புப் பெண்கள் மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். அந்தச் சாப்பாட்டு வீடுகளுக்குக் கானாவள் என்று பெயர். மளிகைக் கடைக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் சிக்கியிருந்த அந்தப் பெண்களைத் திரட்டி, பிரேமா புரவ் 1975இல் அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தைத் தொடங்கினார். தேசியமயமாக்கப்பட்ட வங்கியிலிருந்து அவர்களுக்குச் சிறு கடன்கள் கிடைக்க வழி செய்தார். அப்பெண்கள் கடனைத் திருப்பிச் செலுத்துவதில் காட்டிய ஒழுங்கு வங்கித் துறையில் பலராலும் எடுத்துச் சொல்லப்பட்டது. இன்று சிறுகடன் என்று நாம் பேசுவதன் தொடக்க காலச் சான்றுகளில் ஒன்று அது.

ஆனால் அந்தப் பெண்ணின் வருமானம் எதன்மேல் நின்றது? ஆலையில் மாதந்தோறும் கொடுக்கப்பட்ட சம்பளத்தின் மேல். சங்கு ஊதுவது நின்றபோது சாப்பிட வந்தவரிடம் கொடுக்கப் பணம் இல்லை. அவர் வேலை இழந்தார் என்றால் இவர் வாடிக்கையை இழந்தார்; முன்னவரை ஒரு தொழிற்சங்கமாவது எண்ணிப் பார்த்தது, பின்னவரை எண்ண எவரும் இல்லை. நகரத்தில் சுயதொழில் என்பது பெரும்பாலும் வேறொருவருடைய சம்பளத்தின் மேல் கட்டப்பட்ட மாடி. டோம்பிவ்லியில் இதை இன்றும் பார்க்கிறோம். தொழிற்பேட்டைப் பகுதியில் ஓர் ஆலை வேலைநேரம் ஒன்றைக் குறைத்தால், அதன் வாசலில் தேநீரும் வடாபாவும் விற்பவரின் கணக்கில் க்யூ.ஆர். அட்டை வழியாக விழும் பத்து ரூபாய், இருபது ரூபாய் வரவுகள் அதே மாதத்தில் இளைக்கின்றன. அவரிடம் கேட்டால் வியாபாரம் மந்தம் என்பார். அவருடைய அகராதியில் அதற்கு வேலையின்மை என்ற பெயர் இல்லை. வேலை இழந்தவரெல்லாம் கடை வைக்கட்டும், அதற்குக் கடன் கொடுத்துவிடலாம் என்று கூட்டங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முத்ரா திட்டத்தில் நாங்களும் அப்படிக் கடன் கொடுத்திருக்கிறோம், கொடுத்ததில் வருத்தமில்லை. ஒரே தெருவில் நான்காவது சிற்றுண்டி வண்டிக்குக் கடன் கொடுக்கும்போது மட்டும், சாப்பிட வருபவரின் சம்பளம் எங்கே என்ற கேள்வி கையெழுத்திடும் கையைச் சற்றே பிடித்து நிறுத்துகிறது.

பெருநகரின் வேலையின்மை இன்னொரு வழியிலும் கண்ணுக்கு மறையும். அது ரயிலேறி ஊருக்குப் போய்விடும். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நகர்ப்புற வேலையின்மை ஏறத்தாழ 21 விழுக்காடு என்று அதே ஆய்வு கண்டது. அந்த மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்து, பின்னர் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்ததை வாடிக்கையாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மும்பையிலிருந்து லட்சக்கணக்கானோர் சொந்த ஊர் திரும்பினார்கள். நாட்டின் உழைப்போரில் விவசாயத்தில் இருப்போரின் பங்கு 2018-19இல் 42.5 விழுக்காடு, அடுத்த ஆண்டே 45.6 ஆயிற்று. 2023-24இலும் அது 46.1 என்ற அளவில் இருக்கிறது. வளரும் நாட்டில் இந்த எண் இறங்க வேண்டும். நகரம் தன்னால் வைத்துக்கொள்ள முடியாதவர்களைக் கிராமத்தின் கணக்கில் எழுதியது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எங்களுக்குத் தோன்றவில்லை. மும்பைக்கு மாற்றலாகி வருவதற்கு முன் திருநெல்வேலி மாவட்டக் கிளை ஒன்றில் பணியாற்றியபோது, தாராவியிலிருந்து மகன் அனுப்பும் பணத்துக்காக மாதத்தின் முதல் வாரத்தில் வந்து அமர்ந்திருக்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறோம். “பணம் ஏறியிருச்சா தம்பி?” என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் மறுபேச்சின்றி எழுந்து போவார்கள். மும்பையின் வேலை நிலவரத்தை அந்த மர இருக்கையில் இருந்தே ஒருவர் அறிந்துகொள்ளலாம்.

இளைஞர்கள் பக்கம் வருவோம். 15 முதல் 29 வயது வரையுள்ளோரிடையே வேலையின்மை 2023-24இல் 10.2 விழுக்காடு; நகர்ப்புறத்தில் மட்டும் 14.7. கல்விக் கடன் கோப்புகள் இதைத்தான் வேறு மொழியில் சொல்கின்றன. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தபின் தவணை தொடங்க வேண்டும். அந்தத் தவணை மாணவரின் கணக்கிலிருந்து வருகிறதா, தகப்பனாரின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து வருகிறதா என்று பார்த்தாலே போதும். நாங்களும் வணிகவியல் பட்டதாரிகள்தாம். எங்கள் காலத்தில் பி.காம். முடித்தவருக்கு ஏதாவது ஒரு கம்பெனியில் வவுச்சர் எழுதும் வேலையாவது கிடைத்துவிடும். அங்கே இரண்டு ஆண்டு பேரேடு பார்த்தால் கணக்கு கைவரும். அந்த முதல் படிக்கட்டைத்தான் மென்பொருள் எடுத்துக்கொண்டது. வங்கித் தரவும் ஜி.எஸ்.டி. தரவும் தாமாகவே வந்து அமரும் கணக்குப் புத்தகத்தில், பழகுவதற்கென்று ஒரு பையனை எவரும் வைத்துக்கொள்வதில்லை. அனுபவம் கேட்கிறார்கள். அனுபவம் பெறும் இடம் எது என்பதை எவரும் சொல்வதில்லை.

அந்தப் பையன்களில் பலரை இப்போது உணவுப்பையுடன் இருசக்கர வாகனத்தில் காண்கிறோம். செயலி வழி வேலைகளில் 2020-21இல் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. 2029-30இல் அது 2.35 கோடியாகலாம் என்றும் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்களுக்கான நிதியில் செலுத்த வேண்டும். வரவேற்கத்தக்கதே. ஆனால் நாங்கள் இவர்களுக்கு என்ன செய்தோம்? இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பதினெட்டு மாதங்களாக வாரந்தவறாமல் எங்கள் கிளையிலேயே வரவு பெற்று வந்த இளைஞர் ஒருவர், புதிய வண்டி வாங்கக் கடன் கேட்டு வந்தார். சம்பளச் சீட்டு இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. விதிப்படி மறுத்தோம். அவர் வெளியே கூடுதல் வட்டிக்கு வாங்கினார். அந்தத் தவணை இன்றும் மாதந்தோறும் எங்கள் கிளைக் கணக்கிலிருந்து ஒருமுறைகூடத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட வாரங்களின் வரவு எங்கள் கண்முன் இருந்தது. நாங்கள் ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்தோம். கணக்கில் உள்ள வரவு-செலவு ஓட்டத்தைக் கொண்டே கடன் தகுதியை மதிப்பிடும் முறை இப்போது பரவி வருகிறது. அதைச் சிறு கிளைகள் வரை முழுமையாகக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் தனிப்பட்ட கருத்து.

மும்பையில் சம்பளம் வாங்குவோர் தம் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்கலாம். தொழில் வரி என்று மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய், ஆக ஆண்டுக்கு 2,500 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். 1972ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் மகாராஷ்டிர அரசு கிராம மக்களுக்கு வேலை உத்தரவாதத் திட்டம் ஒன்றை நடத்தியது. 1977இல் அதைச் சட்டமாக்கிற்று. நாடு தழுவிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னோடி அது. அதற்குப் பணம் திரட்டவே 1975இல் இந்த வரி விதிக்கப்பட்டது. கிராமத்தானுக்கு வேலை கொடுக்க நகரத்தான் தன் சம்பளத்தில் ஒரு பங்கு தந்தான் என்பது அழகான ஏற்பாடு. இதில் எவருக்கும் குறையில்லை. ஆனால் அந்த நகரத்துச் சம்பளக்காரர் தம் வேலையை இழக்கும் நாளில், தேசிய அளவில் அவருக்கு அப்படியோர் உத்தரவாதம் இல்லை. கேரளம் 2010இலும் இராஜஸ்தான் 2022இலும் நகர்ப்புற வேலைத் திட்டங்களைத் தொடங்கின. மும்பை போன்றதொரு நகரத்துக்கு மண்வெட்டி வேலை பொருந்தாது என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடலாம். நூலகத்தில், மாநகராட்சிப் பள்ளியில், மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் ஆளில்லாமல் கிடக்கும் மேசைகளை ஒருநாள் சுற்றிப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இருப்பது ஒன்று உண்டு. அதையும் பலர் அறியார். ஊழியர் அரசுக் காப்பீட்டில், அதாவது இ.எஸ்.ஐ.யில் உள்ளவர் வேலை இழந்தால், சராசரி நாள் ஊதியத்தில் பாதியை 90 நாட்கள் வரை, வாழ்நாளில் ஒருமுறை பெறலாம். அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் என்று அதற்குப் பெயர்; 2018 முதல் இருக்கிறது. இ.எஸ்.ஐ. வரம்பு மாதம் 21,000 ரூபாய் சம்பளம் என்பதால், மும்பையில் வாடகை கொடுத்துக் குழந்தையைப் படிக்கவைக்கும் அளவுக்குச் சம்பாதித்தவர்களில் பலர் அதற்கு வெளியே நிற்பார்கள். நம் வாடிக்கையாளரும் வெளியேதான் நின்றார்.

அவருடைய வீட்டுக் கடனில் இரண்டு தவணைகள் அதற்குள் தவறியிருந்தன. இங்கே வாசகர்களுக்கு ஒரு விவரம். தவணை தவறிய 30 நாட்கள் வரை ஒரு நிலை, 60 நாட்கள் வரை ஒரு நிலை, 90 நாட்கள் வரை மூன்றாம் நிலை. 90 நாட்களைக் கடந்தால் அக்கடன் வாராக்கடன் என்று வகைப்படுத்தப்படும். அதற்குப் பிறகு கிளை மேலாளர் எவ்வளவு நல்லவராயினும் அவர் கையில் அதிகம் இல்லை. அதற்கு முன்னால் வந்து சொன்னால், தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைப்பது பற்றியாவது மேலிடத்துக்கு எழுத முடியும். ஆனால் வேலை போனவர் கடைசியாக வரும் இடம் வங்கி. உறவினரிடம் கைமாற்று வாங்கியாவது இரண்டு தவணைகளைக் கட்டிவிட்டு, மூன்றாவதில் காணாமற்போகிறார். தொலைபேசியை எடுப்பதில்லை. வெட்கம்தான் காரணம். அந்த வெட்கத்தை ஊட்டியதில் எங்கள் வசூல் அழைப்புகளின் தொனிக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

இவர் எழுபதாம் நாளில் வந்தார். கே.ஒய்.சி. கடிதம்தான் அழைத்து வந்தது. கடனைப் பற்றிப் பேசும் எண்ணத்தோடு அவர் வரவில்லை. படிவம் முடிந்தபின் மேலாளர் அறையில் அமரவைத்துத் தேநீர் வரவழைத்தோம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து தவறிய தவணைகளைக் கட்டினார். மீதித் தவணைக் காலத்தை ஐந்து ஆண்டுகள் நீட்ட ஒப்புதல் வந்தது. இப்போது ஏழு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறார். வரவுகளைக் கூட்டினால் பழைய சம்பளத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. ஒரு கடை மூடிவிட்டால் அதிலும் குறையும். மனைவி மாலையில் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுக்கிறார். தவணை தவறவில்லை.

தொழில் பட்டியலில் ‘வேலை தேடுபவர்’ என்றொரு கட்டம் சேர்க்க வேண்டும் என்றும், சம்பள வரவு நின்ற இரண்டாம் மாதமே கிளையிலிருந்து ஒருவர் வாடிக்கையாளரை அழைத்து, வசூலுக்காக அல்லாமல் விசாரிப்பதற்காகவே பேச வேண்டும் என்றும் வட்டார அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது யோசனைக்கு எவர் ஒப்புதலும் தேவையில்லை என்பதால் எங்கள் கிளையில் அதைத் தொடங்கிவிட்டோம். முதல் மாதத்தில் பதினொரு பேரை அழைத்தோம். நால்வர் வேறு வங்கிக்குச் சம்பளத்தை மாற்றியிருந்தார்கள். மூவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மற்ற நால்வரும் நேரில் வருவதாகச் சொன்னார்கள், இருவர் வந்தார்கள்.

சென்ற வாரம் நம் வாடிக்கையாளர் ஒரு காசோலைப் புத்தகத்துக்காக வந்திருந்தார். நிலையான வேலை ஒன்றுக்கு இன்னமும் விண்ணப்பித்து வருகிறாராம். “வேலை கிடைச்சா அந்தப் படிவத்துல மாத்திடலாமா சார், இல்ல அடுத்த பத்து வருஷத்துக்கு அப்படியேதானா?” என்று கேட்டார். என்று வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சொன்னோம். பாஸ்புக்கை அச்சிட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டே கால் ரயிலுக்கு விரைந்து நடந்தார்.